ஒற்றைக் கொடி

ஏழு ஆட்டம், இரண்டு வெற்றி.
இனி அக்டோபரில்தான்.
சோகார் துறைமுகத்துக்குப் பின்னால்
நயினாரின் தண்ணீர் வண்டி நிழலில்
சுலைமானி ஆறிக்கொண்டிருக்க
நாங்கள் ஐவரும் தேர்வுக் குழு.
எங்களை யாரும் நியமிக்கவில்லை.

முதல் விஷயம், நெட்டைக் கிரெய்க்.
அவனை நடுவில் நிறுத்தியது பிழை.
நடுவர் பந்தைத் தரையில் அறைந்து எழுப்பும்போது
எம்பித் தட்டிவிட உயரம் போதாது, முழங்கால் வேண்டும்.
"அவன் முழங்கால் போன வருசமே ஊருக்குப் போயிட்டு,
ஆள்தான் இன்னும் டிக்கெட் போடல"
என்றார் சவரிநாயகம்.
கிரேனில் உட்கார்ந்து
எல்லோரையும் உச்சந்தலை வழியாகவே அறிந்தவர்.
"முன்னால போடு. நின்ன இடத்துல பிடிக்கட்டும், உதைக்கட்டும்."
நயினார் ஒத்துக்கொள்ளவில்லை.
புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவன் என்பதால்
தன் வாக்கு இரண்டாக எண்ணப்படும் என்று
அவனுக்கொரு எண்ணம்.

அடுத்தது, பின்மூலையில் நிற்கும் லாக்லன்.
ஸ்டோர் ரசீதுகளின் முதுகில் நான் எழுதும் கணக்கில்
அவன் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை.
"அப்புறம் எதுக்கு அவன்?"
கேட் காவலாளி பிச்சையாவுக்குக் கோபம் வந்துவிட்டது.
"திருடன் வராத மாசமும் எனக்குச் சம்பளம் போடுறானே, எதுக்கு?
அவன் ஒட்டிக்கிட்டு நின்ன ஆளு பேரு
உன் நோட்டுல எத்தனை தடவ வந்துச்சு, சொல்லு."
புரட்டிப் பார்த்தேன்.
சொல்லவில்லை.

பிச்சையா முதல் வருடம் இந்த ஆட்டத்தைப் பார்த்து
வாயைப் பிளந்தவன்.
முட்டைப் பந்து, முட்டை மைதானம்,
வலை கிடையாது, குறுக்குக் கட்டை கிடையாது,
வெறும் நாலு கம்பம்.
நடு இரண்டுக்குள் போனால் ஆறு,
தவறி ஓரத்தில் போனால் ஒன்று.
"தப்புனதுக்கும் ஒண்ணா?
இதை நம்ம கம்பெனிக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா."

மூன்றாவது விஷயத்தை
யாரும் எடுக்கவில்லை.
இபுராம்சா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து
ஒரு கப்ளரின் மரையில் மணலை ஊதிக்கொண்டிருந்தான்.
கடைசியில் நயினார்தான்:
"ரெண்டு கொடி தூக்கியிருந்தா என்னடே குறைஞ்சிரும்?"

கடைசி ஆட்டம், கடைசி நிமிடம், நான்கு புள்ளி பின்தங்கல்.
கிரெய்க் உதைத்த பந்து வளைந்து உள்ளே போனதை
நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.
கேப்டன் பிரெண்டன் இரு கையும் உயர்த்தி ஓடி வந்தான்.
கிளினிக்கில் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டில்
கம்பத்தடியில் நின்ற இபுராம்சா
ஒரே ஒரு கொடியை எடுத்து
அசைத்தான்.
ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று.
சைரன் ஊதிவிட்டது.

பிரெண்டன்தான் அவன் ஓவர்டைம் தாளில்
கையெழுத்துப் போடுகிறவன். அதை
நாங்கள் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

"பந்து கம்பத்துல பட்டுச்சு" என்றான்.
"யாரும் பாக்கலியே."
"நானும் பாக்கல. கேட்டேன்.
அந்தக் கம்பம் நான் நட்டது. சைட்டுல மிஞ்சின குழாய்,
ரெண்டை இணைச்சு நீட்டினது.
பன்னெண்டு வருசமா குழாய் மேலதான் நடக்கேன்.
சுத்தி பட்டா ஒரு சத்தம், பூட்ஸ் பட்டா ஒரு சத்தம்.
தோல் பட்டா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.
கேட்டதைக் கேக்கலன்னு சொல்லிட்டு
மறுநா காலைல எந்தக் குழாய்ல ஏற?"

சவரிநாயகம் தேநீரைக் குடித்து முடித்தார்.
அது ஆறிப் போயிருந்தது, முகத்தைச் சுளித்தார்.

பிரெண்டனின் பிக்கப் எங்களைக் கடந்தது,
நின்றது, கொஞ்சம் பின்னால் வந்தது.
கண்ணாடி இறங்கியது.
கம்பங்கள் கோடை முழுக்க நிற்கலாமா என்று
இபுராம்சாவிடம் கேட்டான்.
"கழட்டணும், வெயிலுக்கு கப்ளர் இறுகிரும்"
என்று நான் சொல்லச் சொல்லி
நான் சொன்னேன்.
தலையாட்டினான். கண்ணாடி ஏறியது.
புழுதி எங்கள் மேல் இறங்க வெகுநேரமானது.

"அப்ப கிரெய்கை எங்கதான் போடுறது?"
என்று மறுபடி தொடங்கினான் நயினார்.