நான்தான்

ஐந்தரைக்கு என் பெயரை எடுத்துவிடுங்கள்,
நான் பக்கத்தில் நிற்கும்போதே, என்று கேட்டேன்.
போன பிறகு எடுத்தால்
எதையோ திருடிப் போனவளுக்குச் செய்வது போலிருக்கும்.

மாதையன் ஒவ்வொன்றாக மூடினான்.
சர்வர். பதிவேடு. மாதிரிக் கிடங்கு. வாசல் அட்டை.
கடைசி வரிக்கு வந்ததும்
"உறுதியா?" என்று திரை கேட்டது.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் பாகலூர் சாலையைப் பார்த்தேன்.
ரோஜா ஏற்றப்போகும் குளிர்வண்டி ஒன்று
பீப் பீப் என்று பின்னாலேயே ஊர்ந்து
ஜன்னலடியில் வந்து நின்றது.

நன்றி சொல்லத் தாளில் எழுதி வந்திருந்தேன்.
அதில் 'ஒத்துழைப்பு' நான்கு தடவை இருந்தது.
கிழித்துவிட்டேன்.

மாதையா,
கிருஷ்ணகிரியில் அந்தச் சின்ன மருத்துவமனையின்
கோப்புகளை எவனோ பூட்டிப் பணம் கேட்ட வாரம்
மற்றவர்கள் கணக்குப் போட்டுச் சாவி தேடினோம்.
"இவன் சோம்பேறிக்கா,
கடிகாரத்தைப் பாத்துத்தான் சாவி செஞ்சிருப்பான்"
என்றாய் நீ.
ராத்திரி இரண்டு பதினேழு, நாற்பதாவது நொடி.
முதலில் திறந்தது ஒரு பிரசவ அட்டை.
பெயரைப் படிக்கக் கூடாது. படிக்கவில்லை.
திறந்ததை மட்டும்
ஆறு பேரும் நின்றுகொண்டே பார்த்தோம்.

நகீனா,
'தீபாவளி போனஸ் பட்டியல்' என்று
சோதனைக்கு நீ போட்ட தூண்டிலில்
முதல் மீன் நான்.
ஊருக்கு வகுப்பெடுப்பவளே சிக்கினாள் என்று
ஒருவரிடமும் நீ சொல்லவில்லை.
மாதம் ஒருமுறை என் விசைப்பலகை மேல்
மீன் வடிவ பிஸ்கட் ஒன்று இருக்கும், அவ்வளவுதான்.

ஒபுலேசு சார்,
நகலின் மேலேயே நகலை எழுதி
மூன்று மாத மாதிரிகளை அழித்தது
இந்த ஒரு விரல்.
அறிக்கையில் நீங்கள் எழுதினீர்கள்:
"எங்களால் அழிந்தது."
வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் நீங்கள்,
தமிழில் ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் எழுதுவீர்கள்.
'இவளால்' அதைவிடச் சின்னச் சொல், சார்.
கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

சேர்ந்த அன்று வெள்ளைப் பலகையில்
மூன்று வரி இருந்தது.
அனுப்பியவர் பெயரை நம்பாதே.
பூட்டுக் குறியை நம்பாதே.
இன்னொருவர் பார்க்கும்வரை உன்னையும் நம்பாதே.
மூன்றாவது வரி எனக்கு அவமானமாக இருந்தது.
தலைவலியோடு விடிகாலை நான்கு மணிக்கு
என் வரிகளை வேறொருவர் விரலால் தொட்டு
மெதுவாகப் படித்துவந்த நாட்களில்
அதைவிட ஆறுதலான வாக்கியம்
எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தலைவலிதான் போகச் சொல்கிறது.
வேறு காரணம் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், வேறு இல்லை.

கீழே இறங்கினால் ஓசூர்த் தூறல்.
குடை மேலே.

ஏறிப் போய் அட்டையைக் காட்டினேன், பழக்கம்.
சிவப்பு.
மாதையன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறான்.
தட்டினேன்.
"யாரு?"
"நான்தான்."

வங்கியில், பள்ளியில், ரோஜாப் பண்ணைக் கணக்கரிடம்
மூன்று வருடமாக நாம் சொல்லி வந்தது:
'நான்தான்' என்பது அடையாளம் ஆகாது.
குரலை வைத்துக் கதவு திறக்காதீர்கள்.

கதவு திறந்தது.
நகீனா. வாயில் பாதி முட்டை பப்ஸ்.
"விதிமீறல்" என்றேன்.
"பதிவேட்டுல எழுதிக்கோ" என்றாள்,
குடையை நீட்டிக்கொண்டே.

அதில் எழுத எனக்கு இப்போது அனுமதி இல்லை.
ஆகையால் இங்கே:

மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
ஒருத்தி. அட்டை செல்லாது.
குரல் மட்டும்.
உள்ளே விடப்பட்டாள்.