ஏழாவது வரி

ஏழாவது வரியில் நின்றுவிட்டது பேனா.
'பயிற்சி அளித்தவர் பெயர்.'
அதற்கு ஒரே ஒரு கோடு,
நீளம் என் கட்டைவிரல் அளவு.

திபிலிசியில் இருபத்தொன்பது ஆண்டாய்
லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்.
காசு போட்டால்தான் ஏறும் பழைய பெட்டிகள்,
அட்டையைக் காட்டினால் ஏறும் புதுப் பெட்டிகள்.
உரிமம் புதுப்பிக்க வந்த இடத்தில்
இப்படிக் கேட்டால்?

சட்டப்படி என்றால் ரேவாஸ்.
கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.
மூன்று மாதம் அவர் பின்னால் பெட்டி சுமந்தேன்.
பயத்தை வெளியே காட்டாதே என்று
கற்றுத் தந்தது அவர்.
அது தப்பு என்று கற்றுத் தந்தது
க்ள்தானியில் ஒன்பதாம் மாடிக்கு மேல்
கப்பிச் சக்கரத்தில் சிக்கிய ஒரு விரல்.
விரலும் அவருடையதுதான்.

மின்சாரம் வருவதும் போவதுமாய் இருந்த குளிர்காலம்.
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
மாட்டிக்கொண்டாள் இயா, வயது எட்டு.
கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன்:
பயப்படாதே, பயப்படாதே.
"நீங்கள் அதைச் சொல்லச் சொல்லத்தான் பயமாயிருக்கிறது.
என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்."
அன்றிலிருந்து சொல்கிறேன்.
இப்போது மேலே ஏறுகிறேன்.
இப்போது பிரேக்கைத் தளர்த்துகிறேன்.
இப்போது ஒரு சத்தம் வரும், அது நான்தான்.
என் அம்மாவின் கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரியில்,
வேறு பேச்சு வரவில்லை எனக்கு:
இப்போது தலையணையை உயர்த்துகிறேன்.
இப்போது விளக்கை அணைக்கிறேன்.
இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

செப்புக் கம்பி திருடியவன் பெயர் தெரியாது.
பதினோரு கட்டிடங்களில்
எந்தப் பூட்டு பேருக்குத் தொங்குகிறது என்று
ஒரே மாதத்தில் காட்டிக் கொடுத்தான்.
ஒரு கட்டிடத்தை மட்டும் தொடவில்லை.
அதன் பன்னிரண்டாம் மாடியில்
சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தார்.
தற்செயலாக இருக்கலாம்.
போலீஸ் கேட்டபோது அதை நான் சொல்லவில்லை.

மக்வாலாவை எனக்குப் பிடிக்காது.
ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம்,
மேற்பார்வையாளர் நாற்காலி அவளுக்குப் போயிற்று.
கருவியைத் துடைத்த பிறகுதான் கையைத் துடைப்பாள்.
பத்து ஆண்டு அதைப் பார்த்துச் சிரித்தேன்.
போன வாரம் கிரீஸ் வழியும் கையோடு
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன்,
எதிரே கண்ணாடி.
அவளிடம் சொல்ல மாட்டேன்.

காது கேளாத ஔதாந்தில்
சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு
சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினார்:
செவ்வாய்க்கிழமையிலிருந்து.
பேரிங்கைக் கழற்றிப் பார்த்தோம்.
செவ்வாய்க்கிழமையிலிருந்துதான்.

அப்புறம் லாஷா.
வேலை கற்க என்னிடம் வந்தவன்.
புது கண்ட்ரோல் போர்டு முன்னால்
நான் விழித்துக்கொண்டு நின்றதை மூன்று நாள் பொறுத்தான்.
நான்காம் நாள் ரொட்டி சுற்றிய தாளை விரித்து
மின்சுற்று முழுவதையும் வரைந்தான்,
எண்ணெய்க் கறை பட்ட இடத்தில் மட்டும் கோடு நெளிந்தது.
யாரும் பார்க்காதபடி வரைந்தான்.
அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.
மின்சுற்றை மறந்தாலும்
அவன் முதுகைத் திருப்பி மறைத்துக்கொண்டதை மறக்க மாட்டேன்.

"ஒரு பெயர் போதும் அம்மா,"
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
என் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தாள்.

ரேவாஸ் என்று எழுதினேன்.
பொய் இல்லை.
தாளைத் திருப்பினேன், பின்பக்கம் வெள்ளையாய்க் கிடந்தது.
இயா, எட்டு வயது, என்று தொடங்கினேன்.

"பின்பக்கம் ஸ்கேனரில் வராது."

அது எனக்குத் தெரியாது.
தெரிந்த பிறகும் கை நிற்கவில்லை.
பாதியில் நிற்பது எப்படியிருக்கும் என்று
ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"இப்போது திருடன் பெயருக்கு ஒரு கேள்விக்குறி போடுகிறேன்,"
என்றேன் அந்தப் பெண்ணிடம்.
"இன்னும் நாலு வரிதான்."