பூஜ்யம் புள்ளி ஏழு

பர்கூர் ஜவுளிக் கடைவீதியில்
திறப்பு விழாவுக்குத் தேதி குறித்திருந்த மூன்று மாடி
செவ்வாய் இரவு இரண்டே காலுக்கு
உட்கார்ந்துவிட்டது.
பத்து நாளாக
என் எடைமேடை அறையில்தான் அதைத்
திரும்பத் திரும்ப விழவைக்கிறார்கள்.

முக்தியாரின் டயர் கடைக் கேமராவில் பதிவு இருக்கிறது.
ஓட்டுவான், நிறுத்துவான், விரலால் பெரிதாக்குவான்.
"பாருங்க, ஜன்னல் ஜன்னலா புகை தள்ளுது.
வெடி இல்லாம இது எப்படி?"
கூடவே இன்சூரன்ஸ்,
கூடவே சேலத்து மொத்த வியாபாரிகள்.
யாரோ ஒருவர் திப்பு காலத்துச் சுரங்கத்தையும்
கிருஷ்ணகிரி மலையிலிருந்து இதுவரை இழுத்து வந்தார்.

ஜெயசுதா மேடம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர்.
ஸ்கூட்டியை அணைக்காமலே பதில் சொன்னார்:
"தளம் தளத்து மேல விழுந்தா
நடுவுல இருக்கிற காத்து எங்க போகும்?
மாவு மூட்டை மேல உக்காந்து பாரு, தெரியும்."
பிறகு அணைத்தார். இறங்கினார்.
என் சீட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டார்.
உயரம் முப்பத்திரண்டு அடி.
எதுவும் தடுக்காமல் விழுந்தால் ஒன்று புள்ளி நாலு வினாடி.
கேமராவில் எண்ணினால் முப்பத்திரண்டு படம்,
வினாடிக்குப் பதினைந்து வீதம்
இரண்டு புள்ளி ஒன்று.
"முப்பத்திரண்டு அடி, முப்பத்திரண்டு படம்!" என்று
முக்தியார் எழுந்தே நின்றுவிட்டான்.
அதற்கு மேல் அவனுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

திம்மராயன்தான் கோபப்பட்டார்.
குவாரியில் இருபத்தாறு வருஷம் வெடி வைத்தவர்,
இடது கையில் மூன்று விரல்.
"வெடின்னா முதல்ல சத்தம்டா, அப்புறந்தான் கல்லு நகரும்.
நான் வெச்சிருந்தா இப்படி அசிங்கமா விழுமா?
பக்கத்துப் புளியமரத்துல ஒரு காய் உதிராது."
அவரைச் சந்தேகப்பட்டவர்கள்
கூடுதலாகச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

போலீஸ் வந்தது. கேமராவைக் கேட்டது.
எடைமேடையை யாரும் கேட்கவில்லை.
எனக்கு இயற்பியல் தெரியாது. எடை தெரியும்.

மேடம் கணக்குப் போட்ட அதே புத்தகத்தில்
கார்பன் நகலாக இருக்கிறது
சீட்டு எண் 4417.
பில்லில் பன்னிரண்டு மில்லி கம்பி, நானூறு.
வண்டி எடை போக
நாலேகால் டன் காட்டியிருக்க வேண்டும்.
என் மேடை மூன்றைத் தொடவில்லை.
அது பத்து மில்லிக் கம்பியின் எடை.
அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

லாரியோடு வந்தவன் கையெழுத்து அடியில்,
ஒடியா எழுத்து, உருண்டை உருண்டையாக,
இந்த ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாது.
தரைத்தளத்தில் சிமெண்ட் சாக்கு விரித்துத்
தூங்கியவன் அவன்தான்.
செய்தித்தாளில்
வடமாநிலத் தொழிலாளி ஒருவர்.

ஒன்று புள்ளி நாலு. இரண்டு புள்ளி ஒன்று.
மிச்சம் பூஜ்யம் புள்ளி ஏழு.
அவ்வளவு நேரம் அந்தத் தூண்கள்
முடியாது என்றிருக்கின்றன,
பத்து மில்லியை வைத்துக்கொண்டு.
நான் அந்த அளவுகூடச் சொல்லவில்லை.
ராத்திரி ஷிப்டில்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன்.
எழுந்திரு
என்று ஒருமுறை சொல்லி முடிக்க
ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகிறது.

இன்று காலை
போச்சம்பள்ளிப் பக்கம் போகிற லாரி ஒன்று ஏறியது.
கல்யாண மண்டபத்துக்காம்.
சிவப்பு எண்கள் துடித்து, நின்றன.
டிரைவர் காசை நீட்டினான்.
இரு என்று சொல்லிவிட்டுக்
கம்பிகளை எண்ண இறங்கினேன்.
உள்ளே முக்தியார்
மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.