ஒற்றைத் தட்டு

டுலூத் நகர மன்றம், மூன்றாம் மாடி.
ஏப்ரல் பிறந்தும் ஏரி உறைந்தே கிடந்தது.
சாட்சி மேசைக்கும் உறுப்பினர் மேடைக்கும் நடுவே
இருபத்திரண்டு விசைகளோடு நான்.

சொன்னதை எழுதுவது என் வேலை.
தலையாட்டலுக்கு என்னிடம் விசை இல்லை.
"வாய்விட்டுச் சொல்லுங்கள், பதிவுக்காக" என்பார் தலைவர்,
ஒவ்வொரு விசாரணையிலும், ஒரே குரலில்.

முதலில் எல்வா ஹௌக்ஸ்ருட்.
தன் பெயரை எனக்காக எழுத்தெழுத்தாகச் சொன்னார்.
முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
போன பனிக்காலத்தில் வலது மார்பை எடுத்துவிட்டார்கள்.
மகளைப் பார்க்க ஃபீனிக்ஸ் போகக் கிளம்பிய அன்று
கண்ணாடிப் பெட்டிக்குள் கைகளைத் தூக்கி நின்றார்.
திரையில் ஒரு பொம்மை உருவம்,
அதன் நெஞ்சில் மஞ்சள் சதுரம்.

உள்ளே வைத்திருந்த திண்டை
வெளியே எடுக்கச் சொன்னார்களாம்,
யாருடையதோ பெல்ட்டும் சில்லறையும்
ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் கிடந்த தட்டில்.

"எடுத்து வைத்தீர்களா?"
தலையாட்டினார்.
"வாய்விட்டு, தயவுசெய்து. பதிவுக்காக."

அப்போது அந்த அறையில்
வெந்நீர்க் குழாய் தட்டிய சத்தம் மட்டும்.
அதை நான் எழுதவில்லை.
"வைத்தேன்" என்றார்.
அதை எழுதினேன்.

அடுத்து முகமையின் துணை இயக்குநர், பிரெண்டன் ஆஷ்வொர்த்.
கோப்பு தடிமன், குரல் மெலிசு.
இதுவரை எத்தனை புகார்கள்?
"எழுத்து மூலம் பதிலளிக்கிறோம்."
அந்த இயந்திரம் எத்தனை முறை தவறாகக் காட்டுகிறது?
"எழுத்து மூலம் பதிலளிக்கிறோம்."
அந்தத் தட்டை நீட்டச் சொன்னது யார்?
தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார்.
"எழுத்து மூலம்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு.
அடிக்கடி வரும் தொடருக்கு
ஒரே தட்டில் குறுக்கு வழி வைத்துக்கொள்வோம்.
ஒன்பதாவது முறை அவர் வாய் திறந்ததும்
என் விரல்கள் அதைத் தாமாகவே செய்துகொண்டன.
பிறகு கை வலிக்கவில்லை.
அது எனக்கு வெட்கமாக இருந்தது.

பார்வையாளர் பக்கமிருந்து எழுந்தார் ரோல்ட் சிவர்ட்சன்,
சரக்கு ஏற்றுகிறவர், கையில் கையுறை இன்னும்.
"என் பெண் விமானத்தில் வேலை பார்க்கிறாள்.
ஒவ்வொரு பையையும் பாருங்கள், ஒவ்வொரு ஷூவையும்.
நான் குறுக்கே நிற்கமாட்டேன்.
ஆனால் பார்க்கிறவனை யார் பார்க்கிறார்கள்?
அதற்கும் ஒரு வரிசை போடுங்கள்,
நானே வந்து கால்கடுக்க நிற்கிறேன்."
சிலர் கை தட்டினார்கள்.
ஒரு கிழவர் "உட்காருய்யா" என்றார்.
இரண்டையும் பதிந்தேன்.

கடைசியாகச் சோதனைப் பணியாளர் ஒருவன், டெஸ்மண்ட் வீலாக்.
இருபத்தாறு வயது, சட்டைக் காலர் கசங்கியிருந்தது.
"அன்று நான்தான் தட்டை நீட்டினேன்" என்றான்.
"கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.
அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்."
முகமையின் வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் போக,
எல்வா திரும்பி அவனையே பார்த்தார், நெடுநேரம்.
மன்னிப்பா, கோபமா, எனக்குப் பிடிபடவில்லை.
பிடிபட்டிருந்தாலும் எழுத இடமில்லை.

ஜூலையில் பதில் வந்தது, எழுத்து மூலம்தான்.
பதினேழு பக்கம்.
இணைப்பு நான்கு என்று முத்திரை குத்தி
என் பதிவேட்டின் பின்னால் கோத்தேன்.
கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே
"மேலும்", "ஆகையால்", "மரியாதையுடன்"
பிழைத்திருந்தன.

ஆகஸ்டில் மில்வாக்கிக்கு வேலையாகப் போனேன்.
கைகளைத் தூக்கினேன், கால்களை அகட்டினேன்,
மஞ்சள் சதுரம் எதுவும் வரவில்லை.
என் இயந்திரத்தைத்தான் தனியே எடுத்து வைத்தார்கள்.
நீலக் கையுறைக்காரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது என்ன?"
"பேசுவதை எழுதும்."
"போட்டுக் காட்டுங்கள்."

போட்டேன். என்ன தட்டுவது என்று யோசிப்பதற்குள்
விரல்கள் இறங்கிவிட்டன, ஒரே தட்டு.
சின்னத் திரையில் முழு வாக்கியம்:
எழுத்து மூலம் பதிலளிக்கிறோம்.

அவள் வாசித்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு வெள்ளைத் துணியால்
ஒவ்வொரு விசையையும் துடைத்து
வெடிமருந்து இருக்கிறதா என்று சோதித்தாள்.