பன்னிரண்டு புள்ளி எட்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில்
நகைக்கடைப் பெயர்ப்பலகையில் ஓரெழுத்து
மூன்று நாளாய் விட்டுவிட்டு எரிகிறது.
அதற்குள் இருப்பதும் நியான்தான்.

மாடியறையில், என் லேப்டாப்பில்
அதே நியான்,
ஓர் எலக்ட்ரான் குறைவாக,
ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால்.
கண்ணுக்கு அங்கே வெறும் புழுதி.
அகச்சிவப்பு மட்டும் அதைத் துளைத்து வரும்,
பன்னிரண்டு புள்ளி எட்டு மைக்ரானில்
ஒரு மேடாக.

மேடு ஒன்றல்ல, இரண்டு.
கருவிக் கோளாறென்று
மார்ச்சிலிருந்து மழித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே காலுக்கு
கருங்கல் போகும் கடைசி பஸ்
ஹாரனில் வைத்த கையை எடுக்காமலே கடந்தது.
வரும்போது ஒரு குரல்.
போகும்போது இன்னொன்று.

வாய்க்குப் போன நேந்திரன் சிப்ஸ்
பாதிவழியில் நின்றது.
சுற்றுகிறது வாயு.
ஒரு பக்கம் நம்மை நோக்கி,
மறுபக்கம் நம்மைவிட்டு,
நடுவே கனமான எதையோ சுற்றி.

ஜெஸ்லினை எழுப்பினேன்:
"அழிச்சதெல்லாம் திரும்ப வேணும்."
"மணி என்னண்ணு தெரியுமாட்டி?"

எந்த மணியைச் சொல்ல?

அப்போது கரண்டு போனது.
நகைக்கடை, மேம்பாலம், எதிர்மாடி
எல்லாம் இருட்டு.
பதினான்கு சதவீத பேட்டரியில்
நின்றன
இரண்டு மேடுகளும்.