வரிக்கு முப்பத்தேழு எழுத்து

டபிள்யூ வரிசை, பத்தொன்பதாம் நாற்காலி.
பாதி தூண், பாதி மேடை.
கோலாலம்பூரில் தேசியத் திரைப்பட விருது இரவு.
அழைப்பிதழில் என் பெயர் இல்லை,
'உடன் வருபவர்' என்றிருந்தது.
யாருடன் என்று கேட்டான் வாசலில் ஒரு பையன்.
படத்துடன் என்றேன்.
மணிக்கட்டில் காகித வளையம் ஒட்டி உள்ளே விட்டான்.

என் வேலை இதுதான்:
திரையில் யாராவது தமிழில் வாய் திறந்தால்
அவர் காலடியில் தேசிய மொழியில் ஓடுவது.
வரிக்கு முப்பத்தேழு எழுத்து,
வரி இரண்டு, நொடி நான்கு.
அதற்குள் அழுது முடித்துவிட வேண்டும்.
கெட்ட வார்த்தையைப் பாதி கெட்டதாக்க வேண்டும்.
ஒப்பாரியை வெட்டினால்
ஒப்பாரிக்கே தெரியாமல் வெட்ட வேண்டும்.

ஒரு வசனத்தில் பதினோரு நாள் நின்றேன்.
சிறையிலிருந்து வந்து நிற்கும் மகனை
அப்பன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
தட்டை மட்டும் நகர்த்துகிறான்:
'போடா, சோறு ஆறுது.'
போடா என்றால் வாடா என்று
எந்த அகராதியில் காட்டுவேன்?
அப்புறம் அந்த ஆறுது.
நமக்குச் சோறும் ஆறும், புண்ணும் ஆறும்,
கோபமும் ஆறும், மனசு ஆறாமல் கிடக்கும்.
எல்லாம் ஒரே சொல்.
மலாய்மொழியில் சோற்றுக்கு ஒன்று, புண்ணுக்கு ஒன்று,
மனசுக்கு வேறொன்று.
கடைசியில் எழுதினேன்:
டுடோக். நாசி செஜோக் நந்தி.
உட்கார். சோறு குளிர்ந்துவிடும்.
புண்ணை வெளியே விட்டுவிட்டேன்.
இயக்குநர் லோகநாயகன் ஓகே என்றார்,
பணம் அடுத்த மாதம் என்றார்.
ஓகே அன்றைக்கே வந்தது.

அறிவிப்பாளர் அவர் பெயரை மூன்றாக உடைத்து
நடுத் துண்டைத் தொலைத்துவிட்டுச் சிரித்தார்.
பிரிவு: லாயின்-லாயின் மொழிப் படம்.
இனம் எது எனக் கேட்கும் பாரத்தில்
நமக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.
மொழிக்கு இன்று 'மற்றவை'.
சரி, மற்றவையும் ஒரு நாற்காலிதானே,
தூணுக்குப் பின்னால்.

காட்சித் துண்டு ஓடியது.
சத்தம் வரவில்லை.
அப்பனாக நடித்த வீரசிங்கம் அண்ணன்
(போர்ட் கிள்ளானில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்,
அரைநாள் லீவில் வந்திருந்தார்)
மூன்று ஆள் உயரத்தில் வாயசைத்தார்.
யானைத் தொண்டை அவருக்கு.
ஒரு துளி வெளியே வரவில்லை.
லோகநாயகன் எழுந்தேவிட்டார்.
ஹெட்போன் போட்டவர்கள் ஓடினார்கள்.
நான் கீழே பார்த்தேன்.
வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரம்.
தனியே.
தாங்கிக்கொள்ள ஒரு குரலும் இல்லாமல்.

எனக்கு முன்னால் சொங்கெட் உடுத்திய ஓர் அம்மா,
கண்ணாடியை மறந்துவந்த கணவர் காதில்
படித்துச் சொன்னார்:
டுடோக். நாசி செஜோக் நந்தி.
நந்தியைக் கொஞ்சம் இழுத்தார்.
நான் அப்படி எழுதவில்லை.
அந்த இழுப்பில் போடா இருந்தது.
அவர் கணவர் மூக்கை உறிஞ்சினார்.
சளியாகவும் இருக்கலாம்,
மண்டபத்தில் ஏசி அப்படி.

பரிசு ஓர் இபான் மொழிப் படத்துக்கு.
சரவாக்கிலிருந்து வந்த பெண்
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.
அவள் படத்தின் காலடியிலும் யாரோ ஓடியிருப்பார்.
எந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரோ.
கை வலிக்கத் தட்டினேன்.

நள்ளிரவு. சௌகிட்டில் மாமாக் கடை.
எங்களுக்கு ஒரு சான்றிதழ், ஓர் உறை.
ஆறுதல் பரிசு என்றார் லோகநாயகன்.
மலாய்க்காரர்கள் அதைச் சாகு ஹாத்தி என்பார்கள்.
சாகு ஜவ்வரிசி, ஹாத்தி நெஞ்சு.
பிரித்துச் சொன்னேன், மேசை சிரித்தது.
வீரசிங்கம் அண்ணன் சிரிக்கவில்லை.
காலை ஆறு மணிக்கு ஷிப்ட் அவருக்கு.
'என் சத்தமே வரல, இல்ல?'
வரலண்ணே.
'எல்லாரும் பாத்தாங்கதானே?'
பாத்தாங்கண்ணே. படிச்சாங்க.
தே தாரேக்கை ஆறவிடாமல் அப்படியே குடித்தார்.
நாக்கு சுட்டிருக்கும்.
முப்பத்தேழு எழுத்துக்குள் ஏதாவது சொல்லத் தேடினேன்.
அதற்குள் மேசை துடைக்க வந்துவிட்டான் கடைப் பையன்.