இரண்டாந்தரம்

ஐஸ் பிளாண்ட் ஓடத் தொடங்கினால்
என் சூளைக்கு மூச்சு வாங்கும்.
இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்.
ஆயிரத்து நூற்று நாற்பது டிகிரியில்
எண் அசையாமல் நிற்க,
சுவருக்கு அந்தப் பக்கம்
பாளம் பாளமாய் இறுகிக்கொண்டிருக்கும் தண்ணீர்.
ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்கப் போனேன்.
"நெருப்பு காத்திருக்கும், மீனு காத்திருக்காதும்மா"
என்றார் சீனிநைனா.
நெருப்பும் காத்திருக்காது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

பாம்பனுக்கு வந்த முதல் வருஷம்
ஊருணி மண்ணில் வனைந்த தட்டுகளெல்லாம்
காயக் காய உப்புப் பூத்தன.
துடைத்தேன். விடிந்தால் மறுபடி பூ.
இப்போது களிமண்
விருத்தாசலத்திலிருந்து லாரியில் வருகிறது.
சக்கரத்தின் மோட்டாரைத்தான்
கச்சான் காற்று தின்கிறது, போல்ட் போல்ட்டாக.

மெருகுக்குச் சாம்பல் இங்கேயே.
எடைக்குப் போகாத கட்டக்கோரைப் பாசியை
நம்புத்தாய் வாசலில் கொட்டிவிட்டுப் போவாள்,
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே.
எரித்துச் சலித்தால்
ஒரு சாக்குக்கு ஒரு டம்ளர்.
அதில் பிறக்கும் நிறத்துக்கு என்னிடம் பெயரில்லை.
ரிசார்ட்காரர்கள் 'கடல் நிறம்' என்று எழுதியிருந்தார்கள்.
எந்தக் கடல் என்று கேட்டேன்,
வடகடலா, தென்கடலா?
பதில் வரவில்லை. முன்பணம் வந்தது.

இருநூற்று நாற்பது கோப்பைகள்.
கையில் எடுத்தால் வீடு மாதிரி இருக்க வேண்டுமாம்.
அறுபத்து மூன்று திரும்பி வந்தன.
கைப்பிடி சாய்வு.
அடியில் பாம்பு நெளிந்த கீறல்.
ஒன்றில், உலராத மண்ணில் பதிந்து
சூளையேறிவிட்ட என் கட்டைவிரல்.
உடைக்கச் சுத்தியல் எடுத்தபோது
வேலியோரம் கித்தேரியான்.
கண்ணாடி போட்ட பெண்களெல்லாம் அவருக்கு டீச்சர்.
"டீச்சர், அத எனக்குத் தாங்க.
காது வச்சிருக்கீய, கயிறு கட்டத் தோது."

காது.
இரண்டு விரல் நுழைய, சூடு தெரியாதிருக்க
நான் எழுபது முறை இழுத்துப் பழகிய வளைவு.

மூன்றாம் நாள் ஒரு வாளியோடு வந்தார்.
கோப்பைக்குள் பேய்க்கணவாய்.
வெளியே வர மனமில்லை அதற்கு.
ஒரு கையின் நுனி
விளிம்பை ஒரு சுற்று தடவியது.
பிறகு உள்ளே போய்
அடியிலிருந்த கீறலை
உறிஞ்சான் உறிஞ்சானாக வைத்து வைத்து
முழுநீளத்துக்கும் வாசித்தது.
கழிக்கவில்லை.
இரண்டு சிப்பி ஓடுகளை இழுத்து
வாசலை மூடிக்கொண்டது.
நான் வாளியருகே குந்தியிருந்தேன்,
காலில் களிமண் காய்ந்து இறுகும்வரை.

"பதினோரு கோப்பையில ஏறியிருக்கு டீச்சர்.
அம்பது செஞ்சு தாங்க.
வாய் குறுகலா வேணும்,
உள்ள வெள்ள வேணாம், இருட்டா இருக்கணும்.
அதுக்கு வீடு மாதிரி இருக்கணும், அம்புட்டுத்தான்."

பொறி என்று அவர் ஒருமுறையும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
வாளி கம்பெனி எடைமேடைக்குப் போனது.
சாயங்காலம் கோப்பை மட்டும் திரும்பி வந்தது,
கழுவி, கவிழ்த்து.

அளவுமானியை எடுத்தேன்.
வாயை நாலு மில்லிமீட்டர் ஒடுக்கினேன்.
உட்புறத்துக்கு இரும்புத்துரு கலந்தேன்.
ஈரக் கோப்பைக்குள் என் கையை விட்டு
எலும்பில்லாததுபோல் மடக்கிப் பார்த்தேன்.
எனக்கும் பிடித்திருந்தது.
அதுதான் உறுத்துகிறது.

இன்று ஐம்பதும் சூளையில்.
ஆயிரத்து நூற்று நாற்பது. எண் நிற்கிறது.
சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் பிளாண்ட் உறுமுகிறது.
யாரைப் படுக்கவைக்க அந்தப் பாளங்கள் என்று
இப்போது எனக்குத் தெரியும்.
சீனிநைனா வாசலில் நின்று
"எரியுதா?" என்று கேட்கிறார்.
மெதுவாய், என்கிறேன்.
கித்தேரியானிடம் விலை இன்னும் பேசவில்லை.